கிளம்புற நேரத்துல பேச்சுக் கொடுக்காதீங்க

எங்கள் தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய ரயிலே 2022-ல்தான் தேனிக்குத் திரும்பி வந்தது. கம்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால், மேற்கே மலைக்கு மேல் சில நாள் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஒரு விமானம் போகும். எங்களுக்கும் விமானத்துக்கும் உள்ள சொந்தம் அவ்வளவுதான். அப்புறம் உனக்கு எதுக்குடா காக்பிட் கதை என்று வகுப்புப் பசங்க கேட்பது காதில் விழுகிறது.

படிப்பது மெக்கானிக்கல். பொழுதுபோக்கு, விமான விபத்து அறிக்கைகளைப் படிப்பது. (சிரிக்காதீங்க. சிலர் கிரிக்கெட் ஸ்கோர் மனப்பாடம் பண்ணுவதில்லையா, அது மாதிரிதான்.) அந்த அறிக்கைகளில் எனக்குப் பிடித்த விஷயம், யாரையும் தூக்கில் போடும் அவசரம் அதில் இருக்காது. அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டும்தான் நோக்கம், பழி போடுவது வேலை இல்லை என்று சர்வதேச விதியே இருக்கிறது. நம் ஊரில் ஒரு பஸ் கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் "டிரைவரின் அஜாக்கிரதை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று நூறு பக்கம் எழுதினால் அதுதான் விபத்து அறிக்கை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நமக்குப் பக்கத்தில் நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2018 அக்டோபர் 12. திருச்சி. எங்கள் பக்கத்து ஆட்கள் வளைகுடாவுக்குப் போக மதுரையை விட்டால் ஏறுகிற இன்னொரு ஊர். இரவு ஒரு மணி தாண்டி துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். போயிங் 737-800 ரகம். உள்ளே 130 பயணிகள், 6 ஊழியர்கள். விமானிகள் இருவருமே ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள், புதுசு கிடையாது. ரன்வேயில் ஓடத் தொடங்கும்வரை சொல்லும்படி எதுவும் இல்லை.

ஓட்டத்தின் நடுவில் கேப்டனின் இருக்கை முதுகுச் சாய்வு திடீரென்று பின்னால் சரிந்துவிட்டது. சாய்வைப் பிடித்து வைக்கும் பொறி பழுது. டேக் ஆஃப் ஓட்டத்தின்போது எந்த நொடியும் நிறுத்த வேண்டி வரலாம் என்பதால், இஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்கள் மேல் கேப்டனின் கை இருக்கும். ஆள் பின்னால் சரிந்தால் கை என்ன செய்யும்? கூடவே இழுக்கும். 98 சதவீதத்தில் சுழன்றுகொண்டிருந்த இஞ்சின் விசிறி 77-க்கு இறங்கிவிட்டது.

இதுவரை நடந்தது இயந்திரக் கோளாறு. இதற்கு அடுத்தது தான் இந்தப் பதிவின் விஷயம். கண்ணுக்கு எதிரே 77 என்று காட்டிக்கொண்டிருக்கிற எண்ணை இருவருமே கவனிக்கவில்லை. இருக்கை என்ன ஆச்சு என்பதில் மனசு போய்விட்டது. விமானம் வேகம் எடுக்காமல் ரன்வேயைத் தின்றுகொண்டே போனது. கடைசியில் எழும்பியபோது ரன்வே முடிந்துவிட்டிருந்தது. தரையிறங்கும் விமானங்களுக்கு வழி காட்டும் ஆன்டெனாவையும் விமான நிலையச் சுற்றுச்சுவரையும் உரசி இடித்துக்கொண்டு மேலே போனது.

அதை விட வேடிக்கை அடுத்தது. சுவரை இடித்த விஷயம் விமானத்துக்குள் உறைக்கவில்லை. திருச்சியிலிருந்து, நீங்கள் எதிலோ மோதின மாதிரி இருக்கிறது என்று கேட்டால், கருவிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பதில் வந்தது. கீழே உடைந்த சுவரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மேலே விமானம் அரபிக்கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு மும்பைக்குத் திருப்பி, காலை ஐந்தரை மணி வாக்கில் இறக்கினார்கள். வயிற்றுப் பகுதியில் தகடு கிழிந்திருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. அன்றைக்கு அது போட்டோ போட்டு மீம்ஸ் ஓட்டிய செய்தியானது. சுவர் இன்னும் இரண்டு அடி உயரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

விசாரணை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? தவறுதலாக விசை குறைந்தது, அதற்கு இருக்கைக் கோளாறு காரணமானது, டேக் ஆஃப் அளவுகளை இருவருமே கண்காணிக்கவில்லை. மூன்றும் சேர்ந்துதான் விபத்து. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் சுவர் பத்திரமாக நின்றிருக்கும்.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது நண்பன் ஒருவன், "கவனமா இருந்திருக்கலாம்ல மாப்ள, அதுக்குத்தானே சம்பளம்" என்றான். எல்லாருக்கும் முதலில் வரும் பதில் இதுதான். எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சாம்பார் வைக்கிற எந்த அம்மாவையும் கேட்டுப் பாருங்கள். உப்புப் போட மறப்பது எப்போது? சமைக்கத் தெரியாத நாளில் மறப்பதில்லை. அப்போது ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துத்தான் போடுகிறோம். இருபது வருஷம் சமைத்த பிறகு, பருப்பைக் கடைந்து உப்பு டப்பாவைக் கையில் எடுக்கும் நேரத்தில் வாசலில் பால்காரர் கூப்பிட்டால், அப்போதுதான் மறப்பார்கள். திரும்பி வந்து அடுப்பைப் பார்த்தால் கொதிக்கிறது, கொத்தமல்லி கண்ணில் படுகிறது, கிள்ளிப் போட்டு இறக்கி விடுவார்கள். கொத்தமல்லி போடும் கை, உப்புப் போட்டாயிற்று என்று நம்பிவிடும். ஏனென்றால் ஆயிரம் நாளும் உப்புக்கு அப்புறம்தான் கொத்தமல்லி.

பழகிய வேலை என்பது சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தானாக இழுத்துக்கொண்டு வரும். நடுவில் யாராவது புகுந்து அறுத்தால், திரும்பி வரும்போது எந்தக் கண்ணியில் விட்டோம் என்பது ஞாபகத்துக்கு வராது. செய்ததாகவே மனசு சொல்லும். பொய் சொல்கிறோம் என்று மனசுக்கே தெரியாது. அனுபவம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடவே வருகிறது என்பதுதான் கொடுமை.

இப்போது காக்பிட்டுக்கு வாருங்கள். விமானம் கிளம்புவதற்கு முந்தைய அரை மணி நேரம் அங்கே எப்படி இருக்கும்? சினிமாவில் காட்டுவது போல இரண்டு பேர் கூலிங் கிளாஸ் போட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எரிபொருள் எவ்வளவு ஏற்றினோம் என்று ஒருவர் தாளுடன் வருவார். எடைக் கணக்கு வரும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏறாத பயணி ஒருவரின் பெட்டியை இறக்க வேண்டும் என்பார்கள். பொறியாளர் கையெழுத்துக் கேட்பார். பணிப்பெண் கதவு மூடலாமா என்பார். கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் வழியை மாற்றிச் சொல்லும், அதை எழுதித் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில்தான் சுவிட்சுகளையும் அளவுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, செக்லிஸ்ட் வாசிக்க வேண்டும். தாமதமானால் புறப்பாட்டு நேரம் கைவிட்டுப் போகும் என்ற பதற்றம் தனி.

நாசாவைச் சேர்ந்த டிஸ்முகஸ், லூக்கோபோலஸ், பார்ஷி என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் விமானங்களின் காக்பிட்டிலேயே உட்கார்ந்து இதைக் கவனித்து எழுதினார்கள். 2009-ல் புத்தகமாகவும் வந்தது. கையேட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அச்சடித்த வேலை நிஜத்தில் வரிசையாக நடப்பதே இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. ஒரு வேலை பாதியில் நிற்கும், இன்னொன்று உள்ளே நுழையும், மூன்றாவது தள்ளிப் போகும். "அப்புறம் செய்யணும்" என்று மனதில் போட்டு வைப்பதுதான் மனித மூளைக்கு மிகவும் கைவராத வேலை. நடந்து முடிந்ததை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். இனிமேல் செய்ய வேண்டியதை யாராவது நினைவூட்டினால்தான் உண்டு.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக மோசமான உதாரணம் மாட்ரிட். 2008 ஆகஸ்ட் 20. ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி-82 விமானம், கனேரித் தீவுகளுக்குப் போக வேண்டியது. ரன்வே வரை போனது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவி தப்பாகக் காட்டுகிறது என்று திரும்பி வந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். வெயில், தாமதம், பயணிகள் முணுமுணுப்பு. எல்லாம் முடிந்து இரண்டாம் முறை கிளம்புகிறார்கள். அதாவது செய்து முடித்த வேலைகளையே மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். "இதெல்லாம் இப்பதானே பண்ணினோம்" என்று மனசு சொல்லும் நிலைமை.

இறக்கையின் பின் விளிம்பில் ஃபிளாப், முன் விளிம்பில் ஸ்லாட் என்று நீளும் தகடுகள் உண்டு. ஜன்னல் சீட்டில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது இறக்கைக்குக் கூடுதல் தூக்கு விசை கிடைக்க இவற்றை நீட்டி வைக்க வேண்டும். நீட்டாமல் கனமான விமானத்தைத் தூக்கினால் எழும்பும், ஆனால் நிற்காது. செக்லிஸ்டில் ஃபிளாப்பைச் சரிபார்க்கும் இடம் வரும் நேரத்தில், விமானம் நகர அனுமதி கேள் என்று கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். அவர் ரேடியோவைக் கையில் எடுத்தார். அந்த ஒரு வரி அப்படியே நின்று போனது. கடைசியாக ஒரு முறை சரிபார்க்கும் இடத்தில் துணை விமானி "பதினொன்று" என்று ஃபிளாப் கோணத்தை வாயால் சொல்லியிருக்கிறார். அது குரல் பதிவில் இருக்கிறது. ஃபிளாப் இருந்ததோ பூஜ்யத்தில். வழக்கமாகச் சொல்லும் எண் வாயில் வந்துவிட்டது, கண் பார்க்கவில்லை. உப்பும் கொத்தமல்லியும்தான்.

172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

பொய் சொன்னார் என்று அந்தத் துணை விமானியைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலையில் "கேஸை மூடிட்டியா" என்று அப்பா கேட்டால் "மூடிட்டேன்பா" என்று பார்க்காமலே சொல்லாத வீடு எங்கே இருக்கிறது?

அதே மாதிரி விபத்து அதே ரக விமானத்தில் 21 வருஷம் முன்னாலும் நடந்திருக்கிறது. 1987 ஆகஸ்ட் 16, அமெரிக்காவின் டெட்ராய்ட். நகர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது ரன்வேயை மாற்றிச் சொன்னார்கள். புது ரன்வேக்கான கணக்கு, புது வானிலைத் தகவல், இதற்கிடையே திரும்ப வேண்டிய ஒரு திருப்பத்தையும் தவறவிட்டார்கள். ஃபிளாப் போடவில்லை. விமானத்தில் 154 பேரும் தரையில் இரண்டு பேரும் போனார்கள். பிழைத்தது நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும். மறு வருஷம், 1988 ஆகஸ்ட் 31, டல்லஸ். இங்கே வேலை நெருக்கடி இல்லை, நேர்மாறு. ரன்வே கிடைக்க வரிசையில் காத்திருந்த நேரத்தில் பணிப்பெண் ஒருவர் காக்பிட்டில் நின்று பேச, அரட்டை நீண்டது. அதற்கு முந்தைய வருஷம் டென்வரில் நடந்த இன்னொரு விமான விபத்தைப் பற்றிக்கூட அந்த அரட்டையில் பேசியிருக்கிறார்கள். இங்கும் ஃபிளாப் போடவில்லை, 14 பேர் இறந்தார்கள்.

மூன்று விபத்திலும் ஒரு பொது விஷயம் உண்டு, மெக்கானிக்கல் பசங்க கவனிக்கவும். ஃபிளாப் போடாமல் டேக் ஆஃப் விசை கொடுத்தால் அலற வேண்டிய எச்சரிக்கை ஒலி விமானத்தில் இருக்கிறது. மூன்றிலும் அது அலறவில்லை. டெட்ராய்டில் அதற்கு மின்சாரமே போகவில்லை. மனிதன் மறப்பான் என்று தெரிந்துதான் மணியை வைத்தார்கள். மணி கெட்டுப்போனது மனிதனுக்குத் தெரியவில்லை. அவன் மறக்காத நாளெல்லாம் மணி அடிக்க வேண்டிய தேவையே வராது, அப்புறம் அது உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோதனையும் செக்லிஸ்டில் ஒரு வரிதான், சாமி.

வெளிநாட்டை மட்டும் சொன்னால் நியாயமில்லை. திருச்சி சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2018 செப்டம்பர் 20-ல், மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் 166 பயணிகள். இஞ்சினிலிருந்து எடுக்கும் காற்றைக் கேபினுக்கு அனுப்பும் சுவிட்சைப் போட விமானிகள் மறந்துவிட்டார்கள் என்று டி.ஜி.சி.ஏ. சொன்னது. மேலே போகப் போகக் கேபினில் காற்றழுத்தம் இறங்கி, சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். பாதியில் திரும்பி வந்து இறங்கினார்கள். ஒரு சுவிட்ச்!

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. விமானத்திலிருந்து ஜீப்புக்கு இறங்குகிறேன், பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் :)

கம்பம், போடி, தேவாரம், கோம்பை பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்புவார்கள். என் அம்மாவும் போகிறாள். நான் படிக்கிற படிப்பு அந்த ஏலக்காயில்தான் ஓடுகிறது. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள். அதனால் எழுதவில்லை.

ஜீப் கிளம்பும் அந்தக் கால் மணி நேரத்தை வந்து பார்க்க வேண்டும். டிரைவர் பானட்டைத் தூக்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஆயில் பார்ப்பார், டயரைத் தட்டுவார், பின் சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுப்பார். இதற்குள் கங்காணி வந்து, இன்னைக்கு எத்தனை ஆளு, யாரு வரல, அந்த மேட்டு எஸ்டேட்டுக்கு ரெண்டு பேரை மாத்தி விடணும் என்று கணக்குப் பேசுவார். ஒருத்தி, "தம்பி ரெண்டு நிமிசம், எங்க மதினி வந்துக்கிட்டிருக்கு" என்பாள். டிரைவரின் போன் அடிக்கும். பின்னால் நிற்கும் ஜீப்காரர் ஹாரன் அடிப்பார்.

சில வருஷம் முன்பு ஒரு நாள், தண்ணீர் ஊற்றிவிட்டுப் பானட்டை இறக்கும்போது கங்காணி கூப்பிட்டிருக்கிறார். ஆள் கணக்கில் ஏதோ தகராறு. டிரைவர் பானட்டை இறக்கினார், இரண்டு பக்கமும் மாட்ட வேண்டிய கொக்கிகளை மாட்டவில்லை. பேசி முடித்து வந்தார், பானட் மூடித்தான் இருந்தது, ஏறி உட்கார்ந்து கிளப்பிவிட்டார். ஊரைத் தாண்டி மலையடிவாரம் வரை சமதளம், அங்கேதான் கொஞ்சம் வேகம் பிடிப்பார்கள். காற்று உள்ளே புகுந்து பானட் படாரென்று எழும்பி முன் கண்ணாடியை மறைத்து நின்றுவிட்டது. ரோடே தெரியவில்லை. அவர் பதறாமல், பக்கவாட்டில் தலையை நீட்டிப் பார்த்து ஓரமாக நிறுத்திவிட்டார். மலை வளைவில் நடந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு அன்றைக்கு டிரைவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "அவன் நல்ல ஓட்டுக்காரன்டா. கொக்கி மாட்டப் போற கையைப் பிடிச்சு இழுத்தது வேற ஆளு" என்றாள். நாசாக்காரர்கள் புத்தகம் எழுதிச் சொன்னதை எங்கம்மா ஏலக்காய்ப் பையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னாள். அந்த ஜீப்பில் போகும் பெரியம்மா ஒருவர் மறுநாள் ஒரு சட்டம் போட்டாராம். டிரைவர் பானட்டைத் தூக்கினதிலிருந்து ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் யாரும் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது.

விமான உலகம் இதே சட்டத்துக்கு வந்து சேர எத்தனை உயிர் போனது தெரியுமா? 1974 செப்டம்பர் 11, அமெரிக்காவின் ஷார்லட் நகரம். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டு வந்து, உயரத்தைக் கவனிக்காமல் தரையில் மோதினார்கள். எழுபதுக்கும் மேல் இறந்தார்கள். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1981-ல் அமெரிக்காவில் விதி வந்தது. தரையில் நகரும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்வரை, வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு காக்பிட்டில் கூடாது. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "கிருமியில்லா காக்பிட்" என்று வரும். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி. மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன, இந்தியாவும்தான்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். இந்த விதி டல்லஸ் அரட்டையைத் தடுக்கப் போட்டது, டல்லஸ் நடந்ததோ விதி வந்து ஏழு வருஷம் கழித்து. மாட்ரிட்டையும் டெட்ராய்டையும் இந்த விதி தொடக்கூட முடியாது. அங்கே குறுக்கே வந்ததெல்லாம் வேலைப் பேச்சு. அனுமதி கேட்பதும், ரன்வே மாற்றுவதும் செய்தே ஆக வேண்டியவை. கங்காணியின் ஆள் கணக்கும் வேலைப் பேச்சுதானே?

அதனால் சில நிறுவனங்கள் வேறு வழிக்குப் போயின. விமானம் நகரத் தொடங்கும் முன்பே ஃபிளாப்பைப் போட்டுவிடு, நகரும்போது செய்ய வேண்டிய வேலையைக் குறை. செக்லிஸ்ட் பாதியில் அறுந்தால் விட்ட இடத்தைத் தேடாதே, முதல் வரியிலிருந்து வாசி. எண்ணை வாயால் சொல்லும்போது விரலால் தொட்டுக்காட்டு. கேட்க எளிதாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாமதமான விமானத்தில், பின்னால் பயணிகள் கத்திக்கொண்டிருக்கும்போது, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

இதில் பெரிய சிக்கலாக எனக்குப் படுவது, யார் யாரைப் பேசாதே என்று சொல்ல முடியும் என்பது. மாட்ரிட்டில் குறுக்கே பேசியவர் கேப்டன். துணை விமானி "கொஞ்சம் பொறுங்க சார், இந்த வரியை முடிச்சிடுறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்று கையேட்டில் இருக்கும். நம் கல்லூரி லேபில் ரீடிங் எடுக்கும்போது சார் வந்து ஏதாவது கேட்டால், "சார் ஒரு நிமிஷம்" என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? நம்மூரில் பெரியவர் பேசும்போது கையை உயர்த்தி நிறுத்துவது மரியாதைக் குறைவு. 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் கேப்டன் தன் தோழியைக் காக்பிட்டுக்குள் உட்கார வைத்தார் என்று புகார் எழுந்தது. விமானிக்கு மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் என்று டி.ஜி.சி.ஏ. உத்தரவு போட்டது. புகார் கொடுத்தது கேபின் ஊழியர். பறந்துகொண்டிருந்தபோது அந்தக் கதவைத் தட்டி, "சார், இது சரியில்லை" என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறங்கிய பிறகு எழுதித்தான் கொடுக்க முடியும்.

எங்கள் ஜீப் சட்டமும் இங்கேதான் முட்டிக்கொண்டது. பெண்கள் பேசாமல் இருந்தார்கள், போன் வந்தால் டிரைவர் எடுக்கவில்லை. எல்லாம் பதினைந்து நாள் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் கங்காணியிடம் யார் சொல்வது? நாளைக்கு வேலைக்கு வா, வராதே என்று சொல்கிற ஆள் அவர். பெரியம்மா ஒரு தடவை, "ஐயா, அவன் பானட்டை மூடிக்கிறட்டும்" என்று சொல்லிப் பார்த்தாராம். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெரியம்மாவுக்கு இரண்டு நாள் வேலை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. சட்டம் அத்தோடு போனது, பழையபடி எல்லாரும் பேசுகிறார்கள்.

அம்மா மட்டும் ஒன்று செய்கிறாளாம். போன லீவுக்கு ஊருக்குப் போனபோது நானே பார்த்தேன். ஜீப்பில் ஏறப் பின்பக்கம் போகிறவள், ஒரு சுற்று முன்பக்கமாகப் போய், பானட்டின் இரண்டு கொக்கியையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். என்ன மதினி அங்கே என்று டிரைவர் கேட்டார். "ஒண்ணுமில்ல தம்பி, தூசி இருந்துச்சு" என்றாள்.